கொடுக்கக் கொடுக்கப் பெருகும் கப்பி: என்னதான் செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். குழந்தைகள் கேட்டார்கள் என்று ஐந்து கப்பி மீன் வாங்கி ரெண்டடித் தொட்டியில் விட்டீர்கள். எட்டு மாதத்தில் நூறைத் தாண்டிவிட்டது. இரண்டு முறை கவரில் பிடித்து அக்கம்பக்கத்தில் கொடுத்தும் ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. கலர் மீன் கடைக்காரர் வேண்டாம் என்கிறார், மாமியார் கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்கிறார், நீங்கள் நாலடித் தொட்டி வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். "குட்டி போடுவதை நிறுத்த மருந்து ஏதாவது உண்டா?" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு மருந்து கிடையாது. கடையில் யாராவது எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன்: கொன்று குவிக்காமல், குழந்தைகளை அழ வைக்காமல், இந்தப் பெருக்கத்தை ஓர் அளவில் நிறுத்த வழி உண்டா? அதற்கு வழி இருக்கிறது. பொறுமை கொஞ்சம் வேண்டும், செலவு அதிகம் இல்லை.

நான் மீன்வளம் படித்தவன். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட் டெயில் என்று குட்டி போடும் மீன்களைப் பல வருடம் வளர்த்து விற்றவன். உங்களுக்குத் தொல்லையாக இருப்பதுதான் எனக்குப் பிழைப்பாக இருந்தது. அதனால் இவை எதனால் பெருகும், எதனால் பெருகாது என்பதில் எனக்கு ஓரளவு தெளிவு உண்டு. ஆனால் உங்கள் தொட்டியை நான் பார்க்கவில்லை, தண்ணீரைச் சோதிக்கவில்லை. எண்ணிக்கை பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். மீன்களின் உடல்நிலை பற்றிச் சொல்வதைச் சற்று யோசித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஏன் இப்படிப் பெருகுகிறது? ஒரு பெண் கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் 28, 30 டிகிரியில் நிற்பதால் இன்னும் சில நாள் முன்னதாகவே போட்டுவிடும். முதல் ஈற்றில் பத்துப் பன்னிரண்டு இருக்கும். நன்றாக வளர்ந்த பெண் முப்பது, நாற்பது போடும், சில சமயம் அதற்கு மேலும். ஈற்றுக்கு இருபது என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், மூன்று பெண்கள் ஆறு மாதத்தில் 360 குட்டி. முதலில் பிறந்தவை இரண்டு மூன்று மாதத்தில் தாயாகிவிடும் என்பதை இதில் நான் சேர்க்கவே இல்லை. போதாக்குறைக்கு, சென்னை போர்த் தண்ணீரைக் குறை சொல்லாத மீன்கள் இவை. உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினத் தண்ணீர்தான் கப்பிக்கும் மோலிக்கும் பிடித்தது.

அடுத்த விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பெண் கப்பி ஒருமுறை ஆணோடு சேர்ந்தால், அந்த விந்தை உடலுக்குள் பல மாதம் சேமித்து வைத்துக்கொள்ளும். அந்த ஒரு சேர்க்கையை வைத்தே வரிசையாகப் பல ஈற்றுப் போடும். "ஆணை எல்லாம் கொடுத்துவிட்டேன், இன்னும் குட்டி வருகிறதே, இது என்ன மாயம்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஆணே இல்லாமல் பெண்ணே தானாகக் குட்டி போடும் என்று சிலர் சொல்வார்கள். வட அமெரிக்காவில் அமேசான் மோலி என்று பெண் மட்டுமே உள்ள ஓர் இனம் உண்டு. அதற்குக்கூடக் கருவைக் கிளப்பிவிட வேறு இன ஆணின் விந்து தேவை. நம் கடைகளில் மோலி என்று விற்பது அதுவல்ல. உங்கள் வீட்டில் நடப்பது சேமிப்புக் கணக்குதான். கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில்தான் கிடக்கும், ஆகவே அங்கிருந்து வாங்கும் வளர்ந்த பெண் ஏற்கெனவே கருவோடுதான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கொடுத்தும் ஏன் குறையவில்லை? உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1932-ல் நியூயார்க் மீன் காட்சியகத்தைச் சேர்ந்த பிரீடர், கோட்ஸ் என்ற இருவர் கப்பியை வைத்து எளிமையான ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு தொட்டியில் ஐம்பது கப்பி. அதே மாதிரி இன்னொரு தொட்டியில் கருவுற்ற ஒரே ஒரு பெண். ஒன்றில் மீன் குறைந்துகொண்டே வந்தது, மற்றதில் கூடிக்கொண்டே போனது, கடைசியில் இரண்டிலும் ஒன்பது ஒன்பது மீன்தான் நின்றன. குட்டி பிறக்காமல் இல்லை. பிறந்தவற்றைப் பெரியவை தின்றுவிட்டன. அதாவது கப்பித் தொட்டிக்கு அதற்கென்று ஒரு பிரேக் உண்டு. பெற்றவளே பிள்ளையைத் தின்பதுதான் அந்த பிரேக். கேட்க நன்றாக இல்லை, ஆனால் உண்மை அதுதான்.

1958-ல் சில்லிமன், கட்செல் என்ற இரண்டு அமெரிக்க மீன்வள ஆய்வாளர்கள் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். கடல் மீன்பிடிப்பைப் புரிந்துகொள்ளக் கப்பித் தொட்டியைச் சின்னக் கடலாக வைத்துக்கொண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு பங்கு மீனை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நாலில் ஒரு பங்கை எடுத்தபோதும் கூட்டம் ஈடுகட்டி நின்றது. பெரியவை குறைந்ததால் குட்டிகள் அதிகம் பிழைத்தன. ஒவ்வொரு முறையும் முக்கால் பங்கை எடுத்தபோதுதான் கூட்டம் அற்றுப்போனது. நீங்கள் கவரில் பிடித்துக் கொடுத்ததும் இதேதான். மணலில் தோண்டிய ஊற்று மாதிரி, இறைக்க இறைக்க ஊறும். இருபது பெரிய மீனைக் கொடுத்தீர்கள் என்றால் அடுத்து பிறக்கும் குட்டிகளைத் தின்ன இருபது வாய் குறைந்துவிட்டது, அவை வளர இடமும் கிடைத்துவிட்டது. ஆணும் பெண்ணும் கலந்து கிடக்கும்வரை கொடுத்துக் குறைப்பது முடியாத வேலை.

அந்தச் சோதனைத் தொட்டிகளில் ஒன்பதில் நின்றது உங்கள் தொட்டியில் ஏன் நூறைத் தாண்டியது என்று கேட்டால், அந்த பிரேக்கை நாமே கழற்றிவிடுகிறோம். குட்டி போடும் பெட்டி என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கடையில் கொடுத்திருப்பார்கள், வயிறு பெருத்த பெண்ணை அதில் விட்டுக் குட்டிகளைக் காப்பாற்றுவோம். மேலே மிதக்கும் பாசியை அடர்த்தியாக வளர்ப்போம், குட்டிகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். நாளுக்கு மூன்று வேளை தீனி போடுவோம், வயிறு நிறைந்த பெரிய மீன் குட்டியைத் துரத்தாது. தீனி பெருத்தால் தாயின் அடுத்த ஈற்றும் பெருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த மூன்றும் தவறாமல் நடக்கும்.

முதல் வேலையாகக் குட்டி போடும் பெட்டியை எடுத்துப் பரண் மேல் போடுங்கள். மிதக்கும் பாசியில் பெரும்பகுதியை அள்ளிவிடுங்கள். அள்ளிய பாசியை வெயிலில் காயவைத்துச் செடிக்குப் போடுங்கள், சாக்கடையில் வேண்டாம், அதில் குட்டிகளும் போய்விடும். தீனியை ஒரு வேளையாக்கி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குப் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் போடவேண்டாம். கப்பிக்கு ஒரு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. தீனியைக் குறைத்தால் குட்டி போடுவது நின்றுவிடுமா என்றால், நிற்காது. ஈற்றின் அளவு குறையும், பிழைப்பவையும் குறையும். அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். பட்டினி போட்டே நிறுத்திவிடலாம் என்று நினைத்தால் குட்டிக்கு முன்னால் பெரிய மீன்கள் நோயில் விழும்.

பிழைப்பதைக் குறைக்கும் வழி இது. பிறப்பதையே நிறுத்த வேண்டுமானால் ஒரே வழி, ஆணையும் பெண்ணையும் பிரிப்பது. அதிலும் உங்களுக்கு நான் சொல்வது ஆண்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது. கப்பியில் நிறமும் வாலும் ஆணுக்குத்தான், குழந்தைகள் பார்த்து ரசிப்பதும் அவற்றைத்தான். பெண்களை மட்டும் வைத்தால் சேமித்த விந்தை வைத்து மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருக்கும். அதில் ஒரே ஓர் ஆண் குட்டி கண்ணில் படாமல் தப்பினாலும் கதை முதலிலிருந்து தொடங்கும். ஆண்கள் மட்டும் இருந்தால் அந்தக் கவலையே இல்லை.

"ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வைக்க வேண்டும்" என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். அது சரியான அறிவுரைதான். ஓர் ஆண் ஒரே பெண்ணை நாள் முழுக்கத் துரத்தி ஓட விடக்கூடாது என்பதற்காகச் சொன்னது. ஆனால் அது குட்டி வேண்டும் என்பவர்களுக்கு. பெண்ணே இல்லாத தொட்டியில் ஆண்கள் ஒன்றையொன்று கொஞ்சம் துரத்தும், வாலை விரித்துக் காட்டும். இரண்டு மூன்று ஆண் மட்டும் இருந்தால் ஒன்று இளைத்தது ஆகிவிடும், மற்றவை அதையே குறிவைக்கும். எட்டுப் பத்து இருந்தால் அந்தத் தொல்லை பகிர்ந்துபோய் ஒன்றும் தெரியாது. மோலியும் ஸ்வார்ட் டெயிலும் அப்படியல்ல, அவற்றின் ஆண்கள் நிஜமாகவே சண்டை போடும். இதைப் படிக்கும் வேறு யாராவது அவற்றை வைத்திருந்தால், சின்னத் தொட்டியில் ஓர் ஆண் மோலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஸ்வார்ட் டெயிலும் பிளாட்டியும் கலந்து குட்டி போடும். "ஸ்வார்ட் டெயிலில் ஆண், பிளாட்டியில் பெண் மட்டும் வைத்திருக்கிறேன், பயமில்லை" என்று இருந்துவிடாதீர்கள்.

பிரிப்பதைச் செய்துகாட்டுவது போலச் சொல்கிறேன். வளர்ந்த மீனில் சிரமமே இல்லை, வாலும் நிறமும் சொல்லிவிடும். சிரமம் குட்டிகளில்தான். வெளிச்சம் ஊடுருவும் சின்னப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, நாலைந்து குட்டிகளை விட்டு, பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடியுங்கள். பக்கவாட்டில் பாருங்கள், மேலிருந்து பார்த்தால் தெரியாது. வயிறு முடியும் இடத்துக்குப் பின்னால் அடியில் ஒரு துடுப்பு இருக்கும். பெண்ணுக்கு அது விசிறி மாதிரி முக்கோணமாக விரிந்திருக்கும். ஆணுக்கு அது நாளாக நாளாக ஒடுங்கிக் குச்சி மாதிரி பின்பக்கம் நீட்டிக்கொள்ளும். இரண்டாவது அடையாளம், பெண் குட்டிக்கு அந்தத் துடுப்புக்குச் சற்று மேலே வயிற்றில் கருநிழல் ஒன்று தெரியும். வெளிர் நிற ரகங்களில் அது கருப்பாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும், அல்லது தெரியவே தெரியாது. அதனால் துடுப்பை நம்புங்கள், புள்ளியைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.  சந்தேகமாக இருப்பதைப் பெண் என்று வைத்து ஒதுக்கிவிடுங்கள், ஆண்கள் தொட்டிக்குள் சந்தேகத்துக்கு இடம் வேண்டாம்.

தொட்டியில் ஒளிந்திருக்கும் குட்டிகளைப் பகலில் வலை போட்டுத் துரத்தினால் கல்லைக் கிளறித் தண்ணீர் கலங்குவதுதான் மிச்சம். இரவில் எல்லா விளக்கையும் அணைத்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு மூலையில் டார்ச் அடியுங்கள். குட்டிகள் தண்ணீரின் மேல்மட்டத்தில் அசையாமல் நிற்கும். வலைகூட வேண்டாம், டம்ளரை மெல்லச் சாய்த்தால் தண்ணீரோடு உள்ளே வந்துவிடும். இந்த வேலையைக் குழந்தைகளிடம் கொடுங்கள், அவர்களுக்கு மீன் வளர்ப்பிலேயே இதுதான் பிடித்த பகுதியாக ஆகிவிடும்.

குட்டி தின்னும் மீன் ஒன்றை வாங்கி விடலாமா என்று பலர் கேட்பார்கள். விடலாம், வேலை செய்யும். குட்டி போடும் மீனோடு குராமி வைத்தால் பிழைக்கும் குட்டி வெகுவாகக் குறைந்துவிடும். வளர்ந்த ஏஞ்சலும் அதைச் செய்யும், ஆனால் பெரிய ஏஞ்சல் சின்ன ஆண் கப்பியையும் விழுங்கிப் பார்க்கும், வாலையும் கடிக்கும். மோலி, ஸ்வார்ட் டெயில் தொட்டிக்குத்தான் அது பொருத்தம். கோல்டன் வொண்டர் கில்லி என்று மஞ்சளாக ஒன்று விற்பார்கள். நம் தென்னிந்திய நீர்நிலைகளில் இருக்கும் மீனிலிருந்து எடுத்த ரகம்தான் அது, மேல்மட்டத்தில் நின்று குட்டியைப் பிடிப்பதில் கெட்டிக்காரன். முழுதாக வளர்ந்தால் அதற்கும் ஆண் கப்பி ஒரு வாய்தான். ஃபைட்டரைக் கப்பியோடு விடாதீர்கள், நீண்ட வாலைக் கண்டால் அதற்கு ஆகாது. எதுவானாலும் இப்போது வேண்டாம். நெரிசலில் இருக்கும் தொட்டியில் இன்னொரு மீனைச் சேர்ப்பது நெரிசலைத்தான் கூட்டும். எண்ணிக்கை இறங்கிய பிறகு, அப்போதும் கலப்பாகவே வைக்க விரும்பினால் யோசிக்கலாம்.

குட்டியைத் தின்ன விடுவது பாவமில்லையா என்ற கேள்விக்கு மற்றவர்கள் வேறு பதில் சொல்லலாம், என் பதில் இது. தென் அமெரிக்காவின் வடபகுதியும் டிரினிடாட் தீவும்தான் கப்பியின் சொந்த ஊர். எதிரி மீன்கள் நிறைந்த ஓடைகளில் வாழும் கப்பி சீக்கிரம் பருவமடைகிறது, சின்னச் சின்னக் குட்டியாக நிறையப் போடுகிறது. எதிரி குறைந்த ஓடையில் நிதானமாக, பெரிய குட்டியாக, குறைவாகப் போடுகிறது. 1976-ல் ஜான் எண்ட்லர் எதிரி நிறைந்த இடத்திலிருந்து கப்பியை எடுத்து எதிரி குறைந்த ஓர் ஓடையில் விட்டார். டேவிட் ரெஸ்னிக்கும் மற்றவர்களும் 11 வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்த மீன்களின் வழிவந்தவை இரண்டாம் வகையைப் போல மாறியிருந்தன. அதாவது பெரும்பாலானவை தின்னப்படும் என்ற கணக்கிலேயே பெற்றுத் தள்ளும் மீன் இது. தின்னும் வாயை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் காப்பாற்றினால், அவை கடைசியில் நம் தொட்டியில் மூச்சுத் திணறித்தான் சாகும். பிறந்த அன்றே போவது அதைவிட மேல் என்பது என் எண்ணம். அது உங்களால் முடியாது என்றால் ஆண்களை மட்டும் வைப்பதே உங்களுக்கு ஏற்ற வழி, யாரும் யாரையும் தின்ன வேண்டியதில்லை.

மூச்சுத் திணறல் என்று சொன்னது வெறும் பேச்சுக்காக இல்லை. ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் கல், மணல் போக ஐம்பது லிட்டர் நிற்கும். நல்ல பில்டர் ஓடினால் இருபது, இருபத்தைந்து வளர்ந்த கப்பிக்கு அது தாங்கும். உங்களிடம் நூற்றுக்கு மேல். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை பில்டரில் இருக்கும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு சூட்டோடும் பிஎச்சோடும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) ஏறும். 30 டிகிரியில் பிஎச் 7 ஆக இருக்கும் தண்ணீரைவிட 8 ஆக இருக்கும் தண்ணீரில் அந்தப் பங்கு ஏறக்குறைய ஒன்பது மடங்கு. நம் போர்த் தண்ணீர் பெரும்பாலும் 8-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆக்சிஜனோ சூட்டில் குறையும், 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வைத்திருக்கும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். காலையில் எழுந்ததும் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் இதுதான் காரணம். கோடையில் ராத்திரி இரண்டு மணி நேரம் கரண்ட் போனாலே இந்த மாதிரித் தொட்டி மொத்தமாகப் போய்விடும். ஆகவே பிரிக்கும் வேலை முடியும்வரை பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

அதற்காகப் பதறிப்போய்த் தொட்டியைக் காலி செய்து கல்லையும் பில்டரையும் குழாயடியில் கழுவிவிடாதீர்கள். பாக்டீரியா எல்லாம் போய்விடும், மூன்றாம் நாள் மீன் சாகத் தொடங்கும். நெரிசலாக நெடுநாள் கிடந்த தொட்டியில் பிஎச் இறங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. அங்கே விஷமில்லாத வடிவில் தங்கியிருக்கும் அம்மோனியா, புதுத் தண்ணீரை மொத்தமாக ஊற்றியதும் பிஎச் ஏறி ஒரே நேரத்தில் விஷமாகும். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். மெட்ரோ தண்ணீரானால் ஆன்டி குளோரின் விட்டு ஊற்றுங்கள். பில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

அப்புறம், கேட்டவுடன் நம்பக்கூடாத சில பேச்சுகள். சின்னத் தொட்டியில் மீன்களே ஏதோ சுரந்து தங்கள் வளர்ச்சியையும் எண்ணிக்கையையும் நிறுத்திக்கொள்ளும் என்பார்கள். நெரிசலில் மீன் குறுகுவது உண்மை, ஆனால் கெட்ட தண்ணீரும் தீனிப் போட்டியும் அதற்குப் போதுமான காரணங்கள். வேறு சுரப்பு இருந்தாலும் அது உங்கள் எண்ணிக்கையைக் காப்பாற்றப் போவதில்லை. சூட்டைக் கூட்டினால் ஆண் குட்டி அதிகம் பிறக்கும் என்பார்கள். சூடு ஆண் பெண் விகிதத்தைக் கொஞ்சம் நகர்த்தலாம், அதை நம்பித் திட்டம் போட முடியாது. ஸ்வார்ட் டெயிலில் பெண் ஆணாக மாறும் என்பது பழைய பேச்சு. அங்கே பெரும்பாலும் நடப்பது, தாமதமாகப் பருவமடையும் ஆண் அதுவரை பெண் மாதிரியே தோற்றம் காட்டுவதுதான். கல் உப்புப் போட்டால் குட்டி போடாது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை, அது பொய். கப்பியும் மோலியும் உப்புத் தண்ணீரில் இன்னும் தெம்பாகப் போடும்.

இப்போது பிரித்தெடுத்த மீன்களுக்கு வருவோம். கடைக்காரர் வேண்டாம் என்றது கலப்பு ரகம் என்பதால்தான். ஒரே நிறம், ஒரே வால் என்றால் சென்னை கொளத்தூர் மாதிரிக் கலர் மீன் சந்தைகளில் விலை போகும், எல்லாம் கலந்த கப்பிக்கு விலை கிடையாது. விலைக்குக் கேட்காமல், "தீனி மீனாக எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்கள். அரோவானா, ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் மாதிரி மீன் தின்னும் பெரிய மீன்களை வளர்ப்பவர்களுக்கு அது தினசரித் தேவை. அது மனதுக்கு ஒப்பவில்லை என்றால், புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு ஆண்களை மட்டும் கொடுங்கள். கலந்து கொடுத்தால் உங்கள் தலைவலியை அவருக்கு மாற்றிவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம். மொட்டைமாடியில் அல்லித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நாலைந்து ஆண் கொடுத்தால் கொசுப்புழுவைத் தின்னும். பெண் இன்னும் அதிகம் தின்னும் என்றாலும் அங்கேயும் ஆண்தான் நல்லது. நிழலில் இருக்கும் தொட்டியா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மே மாத மொட்டைமாடி வெயிலில் மீன் வெந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி வழிந்து மீன் வடிகாலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

முதுகு வளைந்த, இளைத்துப்போன மீன்களை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரே குடும்பத்துக்குள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்ததால் முதுகு வளையலாம், மீன் காசநோயாலும் வளையலாம், பார்த்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் காசநோய்க் கிருமி கையில் காயம் இருந்தால் மனிதருக்கும் தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும். காயத்தோடு தொட்டிக்குள் கை விடாதீர்கள். அப்படி ஒரு மீனைக் கருணையோடு முடிக்க வேண்டியிருந்தால் கிராம்பு எண்ணெய் போதும். சின்னப் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு நன்றாகக் குலுக்கி, ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீருக்கு அரை மில்லி என்ற அளவில் கலந்து மீனை விட்டால் மயங்கி அடங்கிவிடும். செவுள் அசைவு நின்ற பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே விட்டுவையுங்கள். உயிரோடு கழிப்பறையில் ஊற்றுவது கருணையல்ல.

மாமியாரிடம் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது, ஆனால் கோயில் குளம், ஏரி, கிணறு எதிலும் விடவேண்டாம். கப்பியைக் கொசு ஒழிப்புக்காக நம் நாட்டில் கிணறுகளிலும் குளங்களிலும் விட்டது உண்மைதான், நம் சாக்கடைகளில்கூட அது வாழ்கிறது. "ஏற்கெனவே இருக்கிறதே, நாலு சேர்ந்தால் என்ன?" என்று தோன்றும். சாக்கடையில் இருப்பது எல்லாக் குளத்திலும் இருக்கிறது என்று ஆகாது. இல்லாத குளத்தில் ஒரே ஒரு கருவுற்ற பெண் போனால் போதும், அந்த விந்துச் சேமிப்பு அங்கேயும் வேலை செய்யும். நம் ஊர்ச் சிறு மீன்களின் முட்டையும் குஞ்சும், தவளை முட்டையும் அதற்குத் தீனி. உங்கள் தொட்டியில் இருக்கும் நோயும் கூடவே போகும். கொசுவுக்காக உலகம் முழுக்க விட்ட இன்னொரு குட்டி போடும் மீனான கம்பூசியா, உலகின் மிக மோசமான நூறு அந்நிய உயிரினங்கள் என்ற பட்டியலில் இருக்கிறது. தொட்டி மீனை வெளியே விடுவதைப் புண்ணியக் கணக்கில் சேர்க்க முடியாது.

நாலடித் தொட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போது வாங்காதீர்கள். கலப்பாக இருக்கும்வரை அதுவும் நிறையும், நிறையச் சில மாதம் கூடுதலாகும், அவ்வளவுதான். அந்தக் காசில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பும் ஸ்பாஞ்ச் பில்டரும் வாங்குங்கள். பெண்களையும் சந்தேகக் குட்டிகளையும் அதில் போட்டு, பாசி எதுவும் இல்லாமல் வைத்து, ஆள் கிடைக்கக் கிடைக்கக் கொடுத்து வாருங்கள். அங்கே குட்டி பிறந்துகொண்டுதான் இருக்கும், பெண்களே பெரும்பாலானவற்றைத் தின்றுவிடும், மிஞ்சுவதை டம்ளரில் பிடித்து வாரம் ஒருமுறை பாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் டப் காலியாகிவிடும். ரெண்டடித் தொட்டியில் பதினைந்து, இருபது ஆண்கள் நிற்கும். கப்பிக்கு ஆயுள் இரண்டு வருடம்தான், ஒன்றிரண்டு போகும்போது உங்கள் டப்பில் வளர்ந்த ஆண்களிலிருந்தோ கடையிலிருந்தோ சேர்த்துக்கொள்ளலாம். வாங்கும்போது கடைப் பையன் "ஜோடியா எடுத்துக்கோங்க" என்பான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொட்டிக்குள் விடுவதற்கு முன் ஒவ்வொன்றின் அடித்துடுப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காலையில் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகிறதா, உங்கள் தண்ணீரின் பிஎச் என்ன என்பதை இங்கே எழுதினால் தண்ணீர் மாற்றும் அளவைச் சரியாகச் சொல்கிறேன்.